எறும்பு மொய்த்த தேநீர்

அத்தியாயம் 7

"அக்கா, இது போட்டோஸ்டாட் மெஷின் துப்பின மை. இதுக்குப் போயி பூதக்கண்ணாடியைத் தூக்கிட்டு உக்காந்திருக்கீங்களே!"

ஹைதர் சொன்னதை பிலோமினா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேசைமேல் கிடந்த கறுப்பு வெள்ளைப் படத்தின்மீது கவிழ்ந்திருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய அலுவலகம். கீழே சனிக்கிழமை வியாபாரம் சூடுபிடித்து, கடைக்காரன் வைத்த பாட்டு தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்தது.

"மை வரிசை கட்டிப் போகுமா, ஹைதர்?"

"ம்?"

"நல்லாப் பாரு. படியோட ஓரத்துல ஆரம்பிக்குது. நேரா வந்து, பொட்டலத்துக்கிட்ட வந்ததும் கும்பலா நிக்குது. மறுபக்கம் இன்னொரு வரிசை திரும்பிப் போகுது. எந்த ஊரு மை இப்படி டூட்டி பார்க்குது?"

ஹைதர் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். நாற்பத்திரண்டு வயது, வக்கீல் ஆபீஸ்களுக்குக் கடிதம் சுமந்து சுமந்தே சட்டம் கற்றுக்கொண்டவன், வாயை மட்டும் எந்த ஆபீஸிலும் அடக்கிவைக்கத் தெரியாதவன். கண்ணாடியை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனான்.

"யா அல்லாஹ்! எறும்பு!"

"எறும்புதான். ரோனி குடிக்கிறது என்ன?"

"தே சி கோசோங். பால் உண்டு, சீனி கிடையாது. கல்யாணமான வருஷத்துலேருந்தே சக்கரை நோயின்னு புனிதா சொல்லிச்சே."

"சீனியே இல்லாத தேயிலைத் தண்ணிக்கு இத்தனை எறும்பு ஏன் வரணும்?"

வழக்கு இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், பூ கட்டி விற்கும் தாமரை என்ற அம்மாள் கடையை அடைத்துவிட்டு பிரிக்பீல்ட்ஸ் பின்சந்து ஒன்றில் நடந்து போனாள். பின்னால் வந்த ஒருவன் அவள் கழுத்துச் சங்கிலியைப் பறித்து, அவளைப் படியில் தள்ளிவிட்டு ஓடிப்போனான். மண்டை உடைந்ததில் பாவம், அந்த அம்மாளுக்கு இடக்கண் பார்வையே போய்விட்டது. முகத்தை அவள் பார்க்கவில்லை. நீலச் சட்டை போட்டவன் ஓடியதைத் தூரத்திலிருந்து ஒருவர் பார்த்தார், அவ்வளவே. திருடன் கையிலிருந்து விழுந்து வெடித்த தேநீர்ப் பொட்டலம் ஒன்று படியில் கிடந்ததைப் போலீஸ் படம் எடுத்தது. கயிறு கட்டிய பிளாஸ்டிக் பை, முனைக்கடையில் பங்குஸ் என்று கட்டித் தருவார்களே, அந்தப் பை.

ரோனி லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். கம்பெனி சட்டை நீலம். தினமும் ஆறரை மணிக்கு அந்தக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, அந்தச் சந்து வழியாகவே வீட்டுக்குப் போகிறவன். அன்றைக்கும் வாங்கினேன், வீட்டில் போய்க் குடித்தேன் என்று அவனே சொன்னான். வீட்டில் குடித்ததற்குப் பெண்டாட்டியைத் தவிர சாட்சி இல்லை. போதாதா? பொட்டலம் அவன்மேல்தான் வந்து விழுந்தது. செஷன்ஸ் கோர்ட் ஒன்பது வருஷ ஜெயிலும் ஆறு பிரம்படியும் விதித்தது. மேல்முறையீடு இருப்பதால் பிரம்படி மட்டும் நிற்கிறது. பதினான்கு மாதமாக ஆள் உள்ளே இருக்கிறான். ஹைகோர்ட்டில் விசாரணை வருகிற திங்கட்கிழமை.

இதில் பிலோமினாவுக்கு ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. இருபத்தேழு வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்று ஓய்வு பெற்றவள் அவள். இப்போது வக்கீல்களுக்காகத் துப்பு விசாரிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் தீர்ப்புகளை அலசி ஒரு பத்தியும் எழுதுகிறாள். ரோனியின் தீர்ப்பு வந்தபோது, 'பேசிய பொட்டலம்' என்று தலைப்புக் கொடுத்து, நீதிபதியின் தர்க்கத்தைப் புகழ்ந்து தள்ளியிருந்தாள். போன வாரம் ரோனியின் மனைவி புனிதா அந்தக் கட்டிங்கை எடுத்துக்கொண்டு இதே மாடிப்படி ஏறி வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று பிலோமினா நினைத்தாள். திட்டவில்லை.

"தீர்ப்பு சரின்னு இவ்ளோ அழகா எழுதியிருக்கீங்க, ஆன்டி. தப்புன்னா அதையும் உங்களாலதான் கண்டுபிடிக்க முடியும்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் அழுதாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பிலோமினா போனை எடுத்து, மேல்முறையீட்டை நடத்தும் வக்கீல் சந்திரகலாவைக் கூப்பிட்டு எறும்பு விவரத்தைச் சொன்னாள்.

"பிலோ ஆன்டி, எனக்குக் கேக்க சந்தோஷமாத்தான் இருக்கு" என்றாள் சந்திரகலா. "ஆனா நாம எறும்புன்னா, எதிர்த்தரப்பு தூசின்னு சொல்லும். போட்டோஸ்டாட் காப்பி லா இது. ஒரிஜினல் போட்டோவும் மங்கல்தான், நான் பார்த்துட்டேன்."

"எறும்பைக் கூண்டுல ஏத்தி சத்தியம் வாங்க முடியாதா?" என்று ஹைதர் குறுக்கே குரல் கொடுத்தான்.

"அந்த ஆளை வெளிய அனுப்புங்க, ஆன்டி. அன்னிக்குத் தே கலக்கினவரைப் பிடிங்க. சீனி உள்ளதையும் இல்லாததையும் அவரு எப்படித்தான் பிரிச்சுக் கட்டினாரு? அது தெரிஞ்சா மேற்கொண்டு யோசிக்கலாம்."

முனைக்கடை மூடி ஒரு வருஷமாகிவிட்டது. ஹைதர் பால்கனியில் போய் நின்று நாலு போன் பேசினான். ஐந்தாவது போனில் சிரித்தான்.

"கிள்ளான்ல இருக்காராம். பேரு மஸ்தான். எங்க ஆளுங்க எந்தக் கடையில தே இழுக்குறாங்கன்னு கண்டுபிடிக்க இன்டர்போல் வேணாம்க்கா, எங்க மாமா ஒருத்தரு போதும்."

பத்து நிமிஷத்தில் ஹைதரின் மைவி கார் ஃபெடரல் ஹைவேயில் ஏறியிருந்தது. ஏறியது என்று சொல்லலாமே தவிர, நகர்ந்தது என்று சொல்ல முடியாது.

"சனிக்கிழமை இத்தனை பேரும் எங்கதான் போறாங்க?" என்று ஹைதர் ஹார்னை அழுத்தினான். "எல்லாரும் மஸ்தான் கையால தே குடிக்கத்தானோ?"

"வாயை மூடிட்டு ஓட்டு."

"வாயை மூடினா எனக்கு பிரேக் பிடிக்காது. சரி, ஒரு சந்தேகம். அந்தக் கேஸு நடந்தப்ப நீங்க கோர்ட்டு சர்வீஸ்லதானே இருந்தீங்க? உங்களுக்கு எதுவும் ஞாபகம் இல்லியா?"

"அது என் கோர்ட்டு இல்ல. பக்கத்து மாடி."

அவள் சொன்னது பொய் இல்லை. தவிர, அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சாட்சி கூண்டைவிட்டு இறங்கியதும், அவன் சொன்னது எல்லாவற்றையும் அங்கேயே உதறிவிடுவாள். கொலையும் கற்பழிப்பும் குழந்தையின் அழுகையுமாக ஒரு நாளைக்கு எட்டுப் பேர் சொல்வதைத் தன் வாயால் சொல்ல வேண்டியவள், அவற்றை வீட்டுக்குச் சுமந்துபோனால் சோறு இறங்காது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள். நாம வெறும் குழாய், தண்ணி வரும் போகும், குழாய்க்கு ருசி தெரியக் கூடாது என்பாள்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் காரை நிறுத்த இடம் கிடைப்பதற்குள் ஹைதர் மூன்று மொழிகளில் திட்டி முடித்திருந்தான். கடை தெருமுனையில் இருந்தது. பதினொரு மணிக்கே ரொட்டி சானாய் கல்லில் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் கலக்கும் மேடையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர் ஒருவர் இரண்டு குவளைகளுக்கு நடுவே தேநீரை ஒரு முழ நீளத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் மஸ்தான். ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள்.

அவர் பிலோமினாவைப் பார்த்ததும் ஒரு கணம் கையை நிறுத்தி, தலையை லேசாக ஆட்டினார். வியாபார மரியாதை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒரு தே சி, சீனி போட்டது. ஒரு தே சி கோசோங். ரெண்டும் பங்குஸ்" என்றான் ஹைதர்.

மஸ்தான் இரண்டு பைகளில் ஊற்றினார். ராஃபியா கயிற்றை வாயால் கடித்து அறுத்து, பையின் கழுத்தைச் சுற்றி இழுத்து, மாட்டிக்கொள்ள ஒரு வளையம் விட்டு, இரண்டையும் கம்பியில் தொங்கவிட்டார். ஏழெட்டு வினாடிகூட ஆகவில்லை. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு.

"எதுண்ணே கோசோங்?" என்று பிலோமினா கேட்டாள்.

"இடது கைப்பக்கம் உள்ளது."

"எப்படித் தெரியும்?"

மஸ்தானுக்குச் சிரிப்பு வந்தது. "மத்தியானம் இந்தக் கம்பியில இருபது பொட்டலம் தொங்கும். ஒவ்வொண்ணா நாக்குல வெச்சா பார்க்க முடியும்? கயித்து வாலைப் பாருங்க. கோசோங்குன்னா வால் நுனியில ஒரு முடிச்சுப் போட்டுருவேன். சீனி உள்ளதுக்கு வால் சும்மா தொங்கும். சக்கரை நோயாளிக்கு மாத்திக் கொடுத்துட்டா பாவம்ல?"

அவள் பார்த்தாள். இடதுபுறப் பொட்டலத்தின் கயிற்று நுனியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு இருந்தது.

"பிரிக்பீல்ட்ஸ் கடையில இருந்தப்பவும் இப்படித்தானா?"

"பன்னண்டு வருஷமா, ஊர்ல தொழில் பழகின நாள்லேருந்து இப்படித்தான். என் கையி தானா போட்டுரும்."

பிலோமினா கைப்பையிலிருந்து படத்தை எடுத்து மேடைமேல் விரித்தாள்.  போட்டோஸ்டாட்டில் நிறம் தெரியாது, எறும்பா தூசியா என்று அடித்துக்கொள்ளலாம். ஆனால் கயிறு தெளிவாக இருந்தது. வெடித்த பையின் கழுத்தில் கட்டு அவிழாமல் இருந்தது, கயிற்றின் வால் படியின் சிமென்டின்மேல் நீட்டிக் கிடந்தது.

மஸ்தான் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"வாலு மொட்டையா இருக்கு. இது சீனித் தே. எங்க கடை கட்டுதான், ஆனா அந்தத் தம்பிக்குக் கட்டினது இல்ல. அதுக்கு எப்பவும் கோசோங்தான்."

ஹைதர் மேடையை ஓங்கித் தட்டினான். "அக்கா! முடிஞ்சுது கேஸு! திங்கக்கிழமை ரோனிக்கு நானே மாலை போடறேன். அண்ணே, ரெண்டு ரொட்டி போடுங்க, முட்டை வெச்சு!"

பிலோமினாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர்கூட வந்தது. ஒரு வாரமாக நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கினமாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே, கொஞ்சம் செல்லக் கோபத்தோடு கேட்டாள்.

"இவ்ளோ பெரிய விஷயத்தை கோர்ட்டுல சொல்லாம விட்டுட்டீங்களேண்ணே?"

மஸ்தான் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"சொன்னேனே."

"யாருகிட்ட சொன்னீங்க? வக்கீல்கிட்டயா?"

"உங்ககிட்டதான்."

ரொட்டிக் கல்லில் மாவு சுர்ரென்றது. 

"கடைக்குள்ள வரும்போதே எனக்கு அடையாளம் தெரிஞ்சுபோச்சு" என்றார் மஸ்தான். அவர் குரலில் குற்றம் சாட்டும் தோரணை துளியும் இல்லை. "வெள்ளிக்கிழமை. நான் கூண்டுல நிக்கறேன், நீங்க பக்கத்துல கறுப்புக் கோட்டுல நிக்கறீங்க. இதே போட்டோவைக் காட்டி, இது உங்க கடைப் பொட்டலமான்னு கேட்டாங்க. எனக்கு ஒரே பயம், மெதுவாத்தான் பேசினேன். எங்க கடைதாங்க, ஆனா அவருக்குக் கட்டினது இல்ல, அவரு சீனி இல்லாம குடிப்பாரு, அதுக்கு வால்ல முடிச்சு இருக்கும், இதுல முடிச்சு இல்லன்னு எல்லாத்தையும் சொன்னேன்."

பிலோமினா படத்தை மறுபடி பார்த்தாள்.

"நான்... மலாய்ல என்ன சொன்னேன்?"

"எனக்கென்னக்கா தெரியும்? அப்ப இந்த நாட்டுக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. சாப்பாட்டு மலாய்தான் தெரியும், கோர்ட்டு மலாய் தெரியாது. நான் பெரிசாச் சொன்னேன், நீங்க சின்னதாச் சொன்னீங்க. மலாய்ல சுருக்கமா இருக்கும்போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவர் பழையபடி குவளையை எடுத்துக்கொண்டார். வாடிக்கைக்காரர்கள் காத்திருந்தார்கள்.

திரும்பும் வழியில் ஹைவே காலியாக இருந்தது. ஷா ஆலம் தாண்டியதும் ஹைதர் பேச்செடுத்தான். 

"அக்கா, அந்தாளு வேற யாரையாவது நினைச்சுக்கிட்டு..."

"இல்ல. நான்தான்."

இப்போது எல்லாம் வந்துவிட்டது. பணிக்காலத்தின் கடைசி வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை. பக்கத்து மாடி மொழிபெயர்ப்பாளர் உடம்பு சரியில்லாமல் எம்.சி. எடுத்திருந்தார். போய் நில்லுங்க, ஒரே சாட்சிதான் என்று அனுப்பினார்கள். காலையிலிருந்து நின்றதில் கால் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகப் பன்னிரண்டே காலுக்குக் கோர்ட் கலைய வேண்டும், நீதிபதி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யெஸ் ஆர் நோ, ஜஸ்ட் ஆஸ்க் ஹிம் யெஸ் ஆர் நோ என்று இரண்டு தரம் சொன்னார். சாட்சியோ கயிறு, வால், முடிச்சு என்று கிசுகிசுத்துக்கொண்டே போனார். இந்த ஆளுக்குக் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லையே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது நன்றாக ஞாபகம் இருந்தது. கயிற்றுக் கதையைக் கோர்ட்டுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் ஞாபகம் இருந்தது. மலாயில் சொன்னது என்ன என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"முழுசாச் சொல்லியிருப்பீங்கக்கா" என்றான் ஹைதர். "உங்க கை சுத்தம் ஊருக்கே தெரியும். நீங்க சொல்லியிருப்பீங்க, நீதிபதிதான் கவனிச்சிருக்க மாட்டாரு. போய்ப் பேப்பரைப் பார்த்தா இருக்கும் பாருங்க."

இருக்க வேண்டுமே மாதாவே என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வேண்டிக்கொண்டாள். விசாரணைக் குறிப்புகளின் கட்டு சந்திரகலாவிடம் இருந்தது. பிலோமினாவிடம் தீர்ப்பும் படங்களும் மட்டும்தான் வந்திருந்தன. ஒரு வாரமாக அந்தக் கட்டைக் கேட்டு வாங்காமல் இருந்தது ஏன் என்று இப்போது தன்மேலேயே கோபம் வந்தது.

சந்திரகலாவின் ஆபீஸ் மோனோரெயில் ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்தது. அவள் நடந்ததைக் கேட்டு முகம் மாறி, இரண்டாவது கட்டை எடுத்துப் புரட்டினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. மூன்று பேரும் குனிந்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் என்ற இடத்தில் பிலோமினாவின் பெயர் இருந்தது. சாட்சி தமிழில் பேசுகிறார் என்று ஒரு குறிப்பு இருந்தது. அதன்கீழே மலாயில் கேள்வி: இது உங்கள் கடைப் பொட்டலமா? பதில்: ஆம். எங்கள் கடையுடையதுதான்.

அடுத்த வரியில் கோர்ட் கலைந்திருந்தது.

முழுப் பக்கத்தையும் மறுபடி மறுபடி படித்தாள் பிலோமினா. முடிச்சு இல்லை, சீனி இல்லை, வால் இல்லை. ஆம் என்ற ஒற்றைச் சொல்லின்மேல் ஒன்பது வருஷம் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது. ரோனி பின்னால் கண்ணாடிக்கூண்டில் இருந்திருப்பான், சாட்சியின் கிசுகிசுப்பு அங்கே எட்டியிருக்காது. அன்றைக்கு அவனுக்கு வாதாடிய வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்து, இரண்டையும் கேட்டவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான்.

"மஸ்தானைத் திங்கக்கிழமை கூட்டிட்டு வந்து சொல்ல வெச்சா?" என்றான் ஹைதர்.

சந்திரகலா மறுப்பாகத் தலையை ஆட்டினாள். "புது சாட்சியத்தை மேல்முறையீட்டுல சுலபமா ஏத்துக்க மாட்டாங்க. கூண்டுல நின்னவர்தானே, அப்பவே கேட்டிருக்கலாமேன்னு தள்ளிடுவாங்க. அவரு அப்பவே சொன்னாரு, ஆனா கோர்ட்டுக்கு வந்து சேரலன்னு காட்டினா அது வேற கதை. மொழிபெயர்ப்புல விடுபட்டுப்போச்சுன்னா விசாரணையே கோணல்னு வாதாடலாம். கூண்டு மைக்குல ஓடின ரெக்கார்டிங் இருக்கும். அதைப் போட்டுக் கேளுங்கன்னு மனு கொடுக்கலாம். ஆனா அதுக்கு ஒருத்தர் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்கணும்."

அவள் பார்வை பிலோமினாமேல் நின்றது.

"என்ன ஆகும் எனக்கு?" என்று பிலோமினா கேட்டாள்.

"ஆன்டி, சொல்லத்தான் வேணுமா? பேப்பர்ல வரும். இருபத்தேழு வருஷமா நீங்க நின்ன ஒவ்வொரு கேஸையும் கிண்டுவாங்க. தோத்துப்போன ஒவ்வொருத்தனும் உங்க பேரைச் சொல்லிட்டு வருவான். உங்க பத்தி நிக்கும். இந்த வேலையும் நிக்கும், எந்த வக்கீலும் கூப்பிட மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "எறும்பை மட்டும் வெச்சு நான் முயற்சி பண்ணலாம். சொல்ல முடியாது, கிடைச்சாலும் கிடைக்கும்."

"எத்தனை பங்கு வாய்ப்பு?"

"பத்துல ஒண்ணு."

ஹைதர் எழுந்துபோய் ஜன்னல் ஓரம் நின்றான். அங்கிருந்தே, யாரையும் பார்க்காமல் சொன்னான். "அந்த ரெக்கார்டிங்கைக் கேக்கணும்னு யாருக்கும் தோணாது. இத்தனை நாளா தோணல. இந்த ரூம்ல இருக்கறவங்களைத் தவிர எவனுக்கும் தெரியாது. நான் என்ன சொல்றேன்னா... எதுவும் சொல்லலக்கா. விடுங்க."

 அவன் அம்மாவின் நிலத் தகராறில், கோர்ட்டில் அவளுக்காகப் பேசியவளும் பிலோமினாதான். எங்கம்மா வாயில நீங்க தேன் தடவினீங்க என்று அவன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். அன்றைக்கு எத்தனை வார்த்தை விட்டிருப்பாள்? எந்த வழக்கில் எதை விட்டாள் என்று அவளுக்கே தெரியாதே! 

கதவு திறந்தது. புனிதா கையில் நாலு சாப்பாட்டுப் பொட்டலங்களோடு உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கும், வேலை செய்யும் சலூனின் சீருடையிலேயே வந்திருந்தாள்.

"ஹைதரண்ணே மெசேஜ் போட்டாரு, ஆள் கிடைச்சிட்டாருன்னு. காலையிலேருந்து யாரும் சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு வாங்கிட்டு வந்தேன். ஆன்டி, அவரு என்ன சொன்னாரு? நல்ல சேதிதானே?"

கிள்ளானில் ரொட்டிக்குச் சொன்ன கையோடு, குஷியில் அனுப்பிய மெசேஜ் அது. ஹைதர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சந்திரகலா கட்டை மூடப்போனாள். பிலோமினா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"உக்காரு, புனிதா."

"ஏன் ஆன்டி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"நல்ல சேதிதான். அந்தப் பொட்டலம் ரோனியோடது இல்ல. தே கலக்கினவருக்கு அது நிச்சயமாத் தெரியும். அவரு அன்னிக்கே கோர்ட்டுல சொல்லியிருக்காரு." இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினாள். "அவரு தமிழ்ல சொன்னதை மலாய்ல சொல்ல நின்னது நான். நேரமாச்சுன்னு நான் பாதியை விட்டுட்டேன். ஆமாம்னு மட்டும் சொன்னேன். நான் விட்ட பாதியிலதான் உன் புருஷன் இருந்தான்."

புனிதா ஒரு பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். அடுத்ததை வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களா?"

"நான்தான்."

"அன்னிக்கு நீங்க அதைச் சொல்லியிருந்தா, அவரு வீட்டுக்கு வந்திருப்பாரா?"

சந்திரகலா வாயைத் திறந்தாள். வக்கீலுக்கு வரும் பதில் வந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியாது, மற்ற சாட்சியங்களையும் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"வந்திருப்பாரு" என்றாள் பிலோமினா.

புனிதா நாற்காலியில் விழுந்தாள். அழவில்லை. மேசையின் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கணக்குப் பார்ப்பவள்போல உதடு அசைந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை கண்ணாடித் தடுப்பு, எத்தனை தடவை போனில் பேசி கையைக் கண்ணாடியில் வைத்துவிட்டு வந்தது என்று அவளுக்குத்தானே தெரியும்.

"சந்திரகலா, கம்ப்யூட்டரைத் திற" என்றாள் பிலோமினா. "என் பேரு, ஐ.சி. அட்டை நம்பர் போடு. சத்தியப் பிரமாணம். நான் சொல்லச் சொல்ல அடி."

"ஆன்டி, ஒரு நாள் யோசிச்சுட்டு..."

"திங்கக்கிழமைக்கு நடுவுல ஒரு நாள்தான் இருக்கு."

சந்திரகலா கம்ப்யூட்டரைத் திறந்தாள். பிலோமினா பேச வாயெடுத்தபோது புனிதா கையை உயர்த்தி நிறுத்தினாள். முகத்தில் கோபம் இருந்தது, நியாயமான கோபம். அதை அவள் மறைக்கவும் முயலவில்லை.

"மலாய்ல அப்புறம் எழுதிக்கோங்க. முதல்ல எனக்குச் சொல்லுங்க. அந்த அண்ணன் அன்னிக்குக் கூண்டுல என்ன சொன்னாரோ, அதைத் தமிழ்ல எனக்கு முழுசாச் சொல்லுங்க. நானும் அன்னிக்கு அந்தக் கோர்ட்டுல கடைசி பெஞ்சில உக்காந்திருந்தேன், ஆன்டி. எனக்கு ஒண்ணும் கேக்கல."

பிலோமினா எழுந்து நின்றாள். இருபத்தேழு வருஷம் நின்ற மாதிரியே, கைகளை முன்னால் கோத்துக்கொண்டாள். மஸ்தான் சொன்னதை, சீனி, கயிறு, வால், முடிச்சு என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.